புதிய மெயில் இல்லை

அக்டோபர் 26, வியாழன்

எங்கள் லேபில் ரத்தத்தைப் பரிசோதிப்பதில்லை.

சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீர் ஆகியவற்றை மட்டும் ஷபானா அக்கா பார்த்துவிடுவார். மற்றதெல்லாம் சாயங்காலம் ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் சென்னை பஸ் டிரைவரிடம் போகிறது. அங்கே ஒரு பெரிய லேப் பரிசோதித்து மறுநாள் ராத்திரிக்குள் மெயிலில் ரிப்போர்ட் அனுப்பும். அதை எங்கள் லெட்டர்ஹெட்டில் மறுபடி டைப் செய்து, கீழே டாக்டர் வரதராஜன் கையெழுத்தின் படத்தை ஒட்டிக் கொடுப்பது என் வேலை. டாக்டர் வரதராஜன் லேபைச் சம்பத் சாருக்கு விற்றுவிட்டு கனடாவில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போர்டில் இன்னும் அவர் பெயர்தான். போளூரே அந்தப் பெயரை நம்பித்தான் கையை நீட்டுகிறது.

திங்கட்கிழமை சாயங்காலத்துக்கு அப்புறம் ஒரு மெயிலும் வரவில்லை. ஆயுத பூஜை, விஜயதசமி என்று அடுத்தடுத்து லீவு, அதனால்தான் இருக்கும் என்று நேற்று விட்டுவிட்டேன். இன்றும் இல்லை. பட்டனை அழுத்தினால் ஒரு பச்சைக் கோடு ஓடி, ‘புதிய மெயில் இல்லை’ என்று காட்டுகிறது. கோளாறு என்று காட்டினாலாவது என்ன கோளாறு என்று தேடலாம். இது எல்லாம் சரி என்கிறது. நாங்கள் அனுப்புவது போகிறது. என் போனிலிருந்து லேப் மெயிலுக்கு ‘டெஸ்ட்’ என்று அனுப்பிப் பார்த்தேன். வரவும் இல்லை, திரும்பியும் போகவில்லை. மோடத்தை அணைத்துப் போட்டேன். குப்பை மெயில்களைப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது.

சம்பத் சார் பூஜையில் மட்டும் குறை வைக்க மாட்டார். ஓடுகிற மிஷின், ஓடாத மிஷின் எல்லாவற்றையும் ஒரு தடவை ஓடவிட்டுத்தான் கற்பூரம் காட்ட வேண்டும், பூஜை போட்டதை மறுநாள்வரை தொடக்கூடாது என்பார். சந்தனம் குங்குமம் வைத்ததும் ஒவ்வொன்றாக சுவிட்ச் போட்டதும் நான்தான். இவ்வளவு கும்பிட்டும் மூன்று நாளாக மெயில் படுத்துக் கிடக்கிறது என்று ஷபானா அக்காவிடம் சொன்னேன். உங்க சாமிகிட்டதான் கேக்கணும், நான் சுண்டல் மட்டும்தான் சாப்பிட்டேன் என்றார்.

நேற்று கடைசியாக ரத்தம் கொடுத்தது பச்சையம்மாள் என்ற அம்மா. நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் முள் வெட்டியவர். ஐந்து நாளாகக் காய்ச்சல். பக்கத்துக் கிளினிக் டாக்டர் கிருபாகரன் உண்ணிக் காய்ச்சல் டெஸ்ட் எழுதியிருந்தார். கூட வந்த மகள் சங்கவி காலேஜில் முதல் வருஷம். வாய் ஓயாமல் பேசினாள். அது உண்ணிக் காய்ச்சல்தான் என்றால் அதற்கென்று தனி மாத்திரை இருக்கிறதாம், ரெண்டு நாளில் இறங்கிவிடுமாம், ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றாராம் டாக்டர். அம்மா இடுப்பில், கொசுவம் செருகுகிற இடத்தில், பீடியால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறது, கேட்டால் எறும்பு கடித்தது என்கிறாள் என்றும் சொன்னாள். ஷபானா அக்கா நரம்பு தேடுகிற மும்முரத்தில் இருந்தார். நான் பெயரும் வயதும் எழுதிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 27, வெள்ளி

காலையிலிருந்து கவுண்டரில் கூட்டம். ரிப்போர்ட் எங்கே என்கிறார்கள். மதியம் வாங்க என்றேன். மதியம், சாயங்காலம் வாங்க என்றேன்.

மெயில் புரோகிராமை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். பாஸ்வேர்டை மறுபடி அடித்தேன். ஏற்றுக்கொண்டது. இணையத்தில் நேராகப் போய் அந்த மெயில் பெட்டியைத் திறந்தேன். அங்கேயும் காலி. துடைத்து வைத்த மாதிரி காலி.

சென்னை லேபுக்கு போன் செய்தேன். எல்லா ரிப்போர்ட்டும் அனுப்பியாகிவிட்டது, வேண்டுமானால் மறுபடி அனுப்புகிறோம் என்றாள் ஒருத்தி. மறுபடி அனுப்பினாள். வரவில்லை. என் சொந்த மெயிலுக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் வாயாலாவது சொல்லுங்கள் என்றேன். பதிவான முகவரிக்கு மட்டும்தான் அனுப்ப முடியும், முகவரியை மாற்ற டாக்டர் வரதராஜன் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும், டாக்டரை லைனுக்கு வரச் சொல்லுங்கள் என்றாள். டாக்டர் வெளியே போயிருக்கிறார் என்றேன். கனடாவும் வெளியேதானே.

சம்பத் சாரிடம், டாக்டருக்கு ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லுங்கள் என்றேன். பாஸ்வேர்டை மாற்றிப் பார்க்கலாம் என்றாலும் அதற்கான எண் அவருடைய பழைய போனுக்குத்தான் போகும். அவர் இல்லாமல் லேப் ஓடுவது சென்னைக்குத் தெரிந்தால் மறுநாளே ஒப்பந்தத்தை முறித்துவிடுவார்கள், நாம் இரண்டு பேரும் தெருவில் நிற்க வேண்டியதுதான் என்றார். இரண்டு பேரும் என்று அவர் சொன்னது எனக்குப் புதிது. சம்பளம் உயர்த்தக் கேட்டபோது நான் ஒருத்திதான் இருந்தேன்.

மதியம் கம்ப்யூட்டர் கடை மோகன் வந்தான். மெயில் வராததற்கு வைரஸ் என்றான். போன மாதம் பிரிண்டர் ஓடாததற்கும் வைரஸ் என்றவன்தான். ஏதோ போட்டான், ஏதோ எடுத்தான், டீ குடித்தான். தீபாவளி முடிந்து பார்க்கலாம் என்று போய்விட்டான்.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. ஸ்டவ் கடன் வாங்கிக் கஞ்சி வைத்தேன்.

அக்டோபர் 28, சனி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கவுண்டரில் ஒரு ஆள் கத்திவிட்டான். சம்பத் சார் அவனை உட்கார வைத்து காபி வாங்கிக் கொடுத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் பேசினார். அவர் மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்தவர். டாக்டர்களிடம் பேசின அதே குரல்.

“ஏம்மா எழிலு, இத்தினி வருஷமா டைப் பண்றியே, நூறு ரிப்போர்ட்ல எத்தினி பேருக்கும்மா கோளாறு வருது? பத்து வருமா? மிச்சம் தொண்ணூறும் நார்மல்தானே. அப்போ நார்மல்னு குடுத்துடலாம். மெயில் வந்ததும் யாருக்காச்சும் மாறி இருந்தா கூப்ட்டு மாத்திக் குடுத்துக்கலாம்.”

நான் முடியாது என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் அவர் ஒவ்வொரு பெயராகக் கேட்டார். பஜார் ஜவுளிக்கடை வீட்டம்மா பெயர் வந்ததும் நிறுத்தினார். அவர்களுக்கு மட்டும் புதிதாக ரத்தம் எடுத்து, வேறு லேபுக்கு காரில் கொடுத்து அனுப்பச் சொன்னார். பள்ளிக்கூடத் தாளாளருக்கும் அப்படியே. பச்சையம்மாள் பெயர் வந்தது. எந்த ஊர் என்றார். சொன்னேன். ஊரா, காலனியா என்றார். காலனி என்றேன். ‘ம், போடு’ என்றார்.

என்னையும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இதே கேள்விதான் கேட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என்று சொல்லி வைத்தேன். அது பொய்யில்லை. வாடகை வீடு அங்கேதான்.

மதியத்துக்குள் ரிப்போர்ட்டுகள் தயாராகிவிட்டன. தைராய்டு எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால் டாக்டர்களுக்குச் சந்தேகம் வரும் என்று புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்கள் மாற்றப்பட்டன. வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூட்டி, இளையவர்களுக்குக் கொஞ்சம் குறைத்து. உண்ணிக் காய்ச்சலுக்கு எண்கூடத் தேவைப்படவில்லை. நெகட்டிவ் என்ற ஒரு வார்த்தை போதும்.

சாயங்காலம் சங்கவி வந்து வாங்கிக்கொண்டு போனாள். கவரை அங்கேயே பிரித்துப் படித்தாள்.

“நெகட்டிவ்னா நல்லதுதானேக்கா?”

கவுண்டரில் வேறு ஆட்கள் நின்றார்கள். தலையாட்டினேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

துணி துவைத்தேன். காயவில்லை. மழை.

அக்டோபர் 30, திங்கள்

மெயில் வரவில்லை. வேறு புரோகிராம் இறக்கிப் போட்டுப் பார்த்தேன். அதுவும் ‘புதிய மெயில் இல்லை’ என்கிறது. மேலே அழகாகப் படம் மட்டும் போட்டிருக்கிறது.

சம்பத் சார் முகத்தில் பழைய தெளிவு வந்துவிட்டது. கூட்டம் இல்லை, கத்தல் இல்லை. மெயில் வராமலேயே லேப் ஓடுகிறது. இப்படியே ஓடினால் பஸ் டிரைவருக்குக் கொடுக்கிறதும் மிச்சம்தானே என்று ஷபானா அக்கா சொன்னார். சிரிக்காமல்தான் சொன்னார். அவரும் வேலையை விடவில்லை. அவருக்கு இரண்டு குழந்தைகள். எனக்கு குரூப் ஃபோர் தேர்வில் அரசு வேலை கிடைக்கும்வரை. இந்த ஊரில் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று வரை.

பச்சையம்மாள் பக்கத்துக் கிளினிக்கில் குளுகோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறார். சங்கவி இடையில் வந்து எங்கள் தண்ணீர் கேனில் பாட்டில் பிடித்துக்கொண்டாள். காய்ச்சல் இறங்கவே இல்லையாம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர், அப்போ இது சாதாரண வைரஸ் காய்ச்சல்தான், தானாக இறங்கும் என்று அந்த மாத்திரையை எழுதவில்லையாம். அம்மா மூச்சு விட்டால் சத்தம் கேட்கிறது என்றாள். அப்பா ஏகாம்பரத்துக்கு பெங்களூரில் கட்டட வேலை, வரச் சொல்லியிருக்கிறாளாம்.

திருவண்ணாமலைக்குக் கூட்டிக்கொண்டு போ என்றேன். டாக்டர் வேண்டாம் என்கிறாரே என்றாள். டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள் என்றேன்.

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று யோசித்தால், சம்பத் சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அக்டோபர் 31, செவ்வாய்

மெயில் பெட்டி கொடுத்த கம்பெனியின் உதவி எண் கிடைத்தது. வெகுநேரம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். கடைசியில் வந்த பையன் பொறுமைசாலி. அவர்கள் பக்கத்துப் பதிவைப் பார்த்துவிட்டு, மேடம், உங்களுக்கு மெயில் வந்துகொண்டுதான் இருக்கிறது, வந்த உடனேயே நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறீர்கள் என்றான். நாங்கள் எடுக்கவில்லை என்றேன். யாரோ எடுக்கிறார்கள், சரியான பாஸ்வேர்டோடு, நிமிஷத்துக்கு ஒரு முறை வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள், அள்ளியதும் பெட்டியில் ஒன்றும் மிஞ்சாது, நீங்கள் அரை மணிக்கு ஒரு முறை வந்து காலிப் பெட்டியைப் பார்க்கிறீர்கள் என்றான்.

சம்பத் சாரிடம் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர்தான் கனடாவில் உட்கார்ந்துகொண்டு மெயிலை எல்லாம் படிக்கிறார், கையெழுத்து விஷயம் தெரிந்துவிட்டது, கேஸ் போடப் போகிறார் என்றார். வியர்த்துவிட்டது. இத்தனை நாளில் அவர் பயந்து இன்றுதான் பார்க்கிறேன். கவுண்டரில் வந்து நின்ற ஒருவருக்காகவும் அவர் இப்படி வியர்க்கவில்லை.

நவம்பர் 1, புதன்

விடிகாலையில் பச்சையம்மாளை 108-இல் திருவண்ணாமலை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். டீக்கடையில் சொன்னார்கள். மூச்சுத் திணறலாம். கிருபாகரன் டாக்டரே ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, இங்கே வைத்துக்கொண்டு எதாவது ஆனால் என் பெயர் கெடும் என்றாராம்.

மெயிலை எடுக்கிறவன் கண்டுபிடிக்கப்பட்டான்.

பேப்பர் கட்டு எடுக்கப் பின்னறைக்குப் போனேன். ஐஸ் பெட்டிகளும் பழைய சாமான்களும் கிடக்கிற அறை. மாதிரி ரத்தம் வைக்கிற பிரிட்ஜின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் மெல்லிசாகக் கேட்டது. மேஜைக்குக் கீழே, சிவப்புத் துணி போர்த்தி, டாக்டர் காலத்துக் கம்ப்யூட்டர். அதன் திரையைக் கழற்றி வரவேற்பறைக்குக் கொண்டு போய் வருஷம் இரண்டாகிறது. வெறும் பெட்டிதான். ஆனாலும் மோடம் வயர் சொருகியபடியே இருக்கிறது. பிரிட்ஜுக்காக வைத்த இன்வெர்ட்டர் லைனில் பிளக் இருப்பதால் கரண்ட் போனாலும் அது அணையாது. பெட்டியின் நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. தொட்டால் சுட்டது. பூஜையன்று சுவிட்ச் போடப்பட்டிருக்கிறது. மறுநாள் மற்றவற்றை எல்லாம் எடுத்து வேலையைத் தொடங்கியபோது, வேலையில்லாத இதை யாரும் நினைக்கவில்லை.

வரவேற்பறையிலிருந்து அந்தத் திரையைக் கழற்றிக் கொண்டுவந்து சொருகினேன். டாக்டர் போட்டு வைத்த மெயில் புரோகிராம் தானாகத் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் அங்கே இருந்தன. மறுபடி அனுப்பியவை, என் ‘டெஸ்ட்’ கூட. ஒவ்வொன்றும் தடித்த எழுத்தில், படிக்காமல்.

பச்சையம்மாள், பெண், 41. உண்ணிக் காய்ச்சல்: பாசிட்டிவ். வந்தது 26-ஆம் தேதி ராத்திரி.

நெகட்டிவ் போவதற்கு இரண்டு நாள் முன்னால் அது இந்த அறைக்கு வந்துவிட்டது. கவுண்டருக்கும் இதற்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான்.

வயரைப் பிடுங்கினேன். கவுண்டர் கம்ப்யூட்டரில் உடனே இரண்டு மெயில் விழுந்தன. கோளாறு சரியாகிவிட்டது.

சம்பத் சார் முதலில் சிரித்தார். கனடா இல்லை என்று தெரிந்த சிரிப்பு. அப்புறம் பழைய மெயிலை எல்லாம் நாங்கள் கொடுத்த ரிப்போர்ட்டுகளோடு ஒத்துப் பார்க்கச் சொன்னார். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தன. பாத்தியா, நான் சொன்னேனா இல்லையா என்றார். தைராய்டு மாறிய ஒருவரை இலவச டெஸ்ட் என்று கூப்பிடலாம் என்றார். பச்சையம்மாள் தாளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அதான் பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டாங்களே. அங்க அவங்களே டெஸ்ட் பண்ணிப் பாத்துப்பாங்கம்மா. நாம இப்போ போய் பேசினா அவங்களுக்கும் டென்ஷன், நமக்கும் டென்ஷன்.”

சங்கவியின் நம்பர் கவுண்டர் நோட்டில் இருக்கிறது. எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். போனில் சார்ஜ் குறைவாக இருக்கிறது. மழையில் கரண்ட் வேறு வந்து வந்து போகிறது. காலையில் பேசலாம்.

நவம்பர் 2, வியாழன்

காலையில் பேசவில்லை. பஸ்ஸில் பேசினால் எல்லோரும் கேட்பார்கள். லேபில் சம்பத் சார் இருந்தார். மதியம் அவர் சாப்பிடப் போனதும், சென்னை லேபின் ரிப்போர்ட்டை சங்கவிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கூட ஒன்றும் எழுதவில்லை. எதை எழுதுவது?

இரண்டு நீலக் கோடு விழுந்தது. உடனே போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

ஷபானா அக்கா, யாரு, எடேன் என்றார். போன் கம்பெனிக்காரன் என்றேன்.

நவம்பர் 3, வெள்ளி

பச்சையம்மாள் இறந்துவிட்டார். பெரியாஸ்பத்திரியில் சேர்த்த அன்றே இடுப்பில் இருந்த அந்தப் பொருக்கைப் பார்த்து, எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் அதற்கான மருந்தை ஏற்றினார்களாம். அதற்குள் நுரையீரலும் கிட்னியும் போய்விட்டனவாம். இதெல்லாம் டீக்கடையில் கேட்டது. நான் அனுப்பியதை யார் பார்த்தார்கள் என்று தெரியாது. ஒரு நாள் முன்னால் அனுப்பியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அங்கேதான் அன்றே மருந்து போட்டுவிட்டார்களே. இதை நான் பலமுறை யோசித்துவிட்டேன். மாறியிருக்காது.

சம்பத் சார் இன்னும் இரண்டு பேரைக் கொன்றாலும் மாட்ட மாட்டார். பாவம், அந்த அம்மா முன்னாடியே வந்திருக்கலாம் என்று கிருபாகரன் டாக்டர் தன் கிளினிக்கில் உட்கார்ந்து சொல்கிறார். முன்னாடியே வந்தது அவரிடம்தான்.

நவம்பர் 4, சனி

மெயில் நன்றாக வருகிறது. அறுபது ரிப்போர்ட்.

நவம்பர் 6, திங்கள்

சம்பத் சார் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். அக்டோபர் 23 முதல் நவம்பர் 1 வரை மெயில் புரோகிராமில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால் சென்னையிலிருந்து எந்த ரிப்போர்ட்டும் கிடைக்கவில்லை என்று கம்ப்யூட்டர் பொறுப்பாளர் உறுதி சொல்வதாக இருந்தது. கம்ப்யூட்டர் பொறுப்பாளர் என்றால் நான். அந்தப் பதவி எனக்கு இருப்பதே இன்றுதான் தெரியும்.

இதில் பொய் ஒன்றும் இல்லையேம்மா, மெயில் வரலதானே என்றார். உண்மைதான். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. தாளில் கையெழுத்து இருக்கிறது.

பழைய பெட்டியை மோகன் எடைக்கு எடுத்துக்கொண்டு போனான்.

நவம்பர் 8, புதன்

சங்கவியும் அவள் அப்பாவும் வந்தார்கள். மொட்டை அடித்த தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஏகாம்பரம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே வரவில்லை. சங்கவி நேரே கவுண்டருக்கு வந்தாள். முன்பு போல வாய் ஓயாத பெண் இல்லை. கையில் இரண்டு தாள். ஒன்று எங்கள் லெட்டர்ஹெட். இன்னொன்று வாட்ஸப்பில் வந்ததை பிரிண்ட் எடுத்தது.

சம்பத் சார் எழுந்து வந்துவிட்டார். துக்கம் விசாரித்தார். இளநீர் வாங்கி வரச் சொன்னார். யாரும் போகவில்லை. அப்புறம் திங்கட்கிழமை எழுதிக்கொண்டு வந்த தாளை எடுத்துக் காட்டினார். பத்து நாள் மெயிலே வரவில்லை, கம்ப்யூட்டர் கோளாறு, யாரையும் குறை சொல்ல முடியாது, எங்கள் கையை மீறி நடந்துபோச்சு என்றார். அப்படியே என் பக்கம் திரும்பினார்.

“நீயே சொல்லும்மா எழிலு. மெயில் வந்துச்சா?”

வரவில்லை என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், பெஞ்சுவரை கேட்கிற மாதிரி.

சங்கவி என்னையே பார்த்தாள். அழவில்லை. லெட்டர்ஹெட் தாளைக் கவுண்டர் கண்ணாடி மேல் வைத்து, என் பக்கமாகத் திருப்பி, நெகட்டிவ் என்ற வார்த்தையின் மேல் விரலை வைத்தாள்.

“சரிக்கா. மெயில் வரல. அப்போ இது எங்கேருந்து வந்துச்சு?”

பிரிண்டர் வேறு யாருடையதோ ஒரு ரிப்போர்ட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. சம்பத் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“உன்னத்தான்க்கா கேக்குறேன். இத டைப் பண்ணது யாரு? பேர சொல்லு.”